விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது - ஒரு வரியின் வரலாறு



இரண்டு வாரம் முன்பு, சேர்த்து வைத்த காசில் 1,800 ரூபாய்க்கு ஒரு ஹெட்போன் வாங்கினேன். நாலாம் நாளே இடது பக்கம் ஊமையாகிவிட்டது. கடைக்கு ஓடினேன். "பில்லைத் திருப்பிப் பாருங்க தம்பி" என்றார் கடைக்காரர். பின்னால் இருந்தது நமக்கெல்லாம் தெரிந்த அந்த வரிதான்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது."

கோபத்தோடு வணிகச் சட்டப் பாடமும் ஞாபகம் வந்தது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோமே, 'கேவியட் எம்ப்டார்', அதாவது வாங்குபவரே, உஷாராயிரும்! அந்த லத்தீன் வாசகம்தான் பில்லின் பின்னால் தமிழில் உட்கார்ந்திருக்கிறது.

அதன் கதை பழையது. விலங்கின் வயிற்றில் உருவாகும் 'பெசோவர்' கல் நஞ்சை முறிக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இங்கிலாந்தில் ஒரு பொற்கொல்லர் அப்படி ஒரு கல்லை 100 பவுண்டுக்கு விற்றார். அது அசல் இல்லை என்று வாங்கியவர் வழக்குப் போட்டார். 1603ல் வந்த தீர்ப்பில் தோற்றது வாங்கியவர்தான்! விற்றவர் 'பெசோவர்' என்று சொன்னாரே தவிர, உத்தரவாதம் எதுவும் தரவில்லையாம்.

சந்தையில் மாடு வாங்கினால் பல்லைப் பார்க்கலாம், கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கலாம். அங்கே இந்த விதி ஓரளவு நியாயம். ஆனால் சீல் வைத்த பெட்டிக்குள், பொருளுக்கும் உள்ளே ஒளிந்திருக்கும் கோளாறை யார் பார்ப்பது?

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் நீதிமன்றங்கள் மெல்ல மனம் மாறின. 1893ல் அங்கே சரக்கு விற்பனைச் சட்டம் வந்தது. அதை ஒட்டி 1930ல் இந்தியாவிலும் வந்தது. அதன் 16ஆம் பிரிவு பழைய விதியை வைத்துக்கொண்டே விலக்குகளும் தந்தது. ஒரு வகைப் பொருளை வழக்கமாக விற்பவரிடம் விவரம் சொல்லி வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருந்தாக வேண்டும். சோதித்தாலும் தெரியாத கோளாறுக்கு வாங்கியவர் பொறுப்பல்ல.

அப்படியென்றால் உரிமை 1930லேயே வந்துவிட்டதே? வந்தது, காகிதத்தில்! ஒரு ரேடியோ பழுதென்றால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கோர்ட் கட்டணம், வக்கீல் பீஸ், வருடக்கணக்கில் வாய்தா... ரேடியோ விலையைவிடச் செலவு அதிகம். யார் போவார்கள்?

அந்தக் கதவைத் திறந்தது 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த டிசம்பர் 24தான் இன்று தேசிய நுகர்வோர் தினம். மாவட்டம், மாநிலம், தேசம் என மூன்று அடுக்கில் மன்றங்கள் வந்தன. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். பழுதை நீக்கு, வேறு பொருள் கொடு, பணத்தைத் திருப்பு, இழப்பீடு கொடு என்று மன்றம் உத்தரவிடலாம். என்னைக் கேட்டால் 1930 உரிமையைத் தந்தது, 1986 அதைக் கேட்க ஓர் இடம் தந்தது. இரண்டுக்கும் நடுவே 56 வருடம்!

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிகமுறை. பில் தராததும் அப்படியே. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். 5 லட்ச ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதி, பில் நகலோடு கடைக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வராவிட்டால் அடுத்தது மாவட்ட ஆணையம்தான். 1,800 ரூபாய்க்கு இவ்வளவு பாடா என்று அம்மா கேட்கிறார். எல்லோரும் அப்படி நினைப்பதால்தானே அந்த வரி இன்னும் பில்லில் இருக்கிறது!

பில்லைத் தூக்கிப் போடாதீர்கள் நண்பர்களே.