இரண்டு வருஷம், ஒரு வருஷம், பூஜ்யம்: டாக்டர் படிப்புக்கு முன் இருந்த கல்லூரிக் காலம்

சென்ற இதழ் கைக்கு வந்த வாரம், நம் சங்க அன்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஸார், நீங்க ஸுவாலஜி ப்ரொபஸரா இருந்தவர். அதனாலதான் கேக்கறேன். பேத்தி ஏழாவது படிக்கறா. டாக்டருக்குப் படிக்க வைக்கணும்னா எட்டாவதுலேயே கோச்சிங் சேர்த்துடணும், இல்லேன்னா லேட்டுங்கறாளே. நிஜமா?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ரெண்டு நாள் டைம் குடுங்கோ" என்றேன். அந்த இரண்டு நாளில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது அறிவுரைக் கட்டுரை அல்ல, கொஞ்சம் சரித்திரம். நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து இன்றுவரை, பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவில் என்ன இருந்தது, அது எப்படித் தேய்ந்து போயிற்று என்ற கதை.

எஃப்.ஏ., இண்டர்மீடியட்

சென்னை மருத்துவக் கல்லூரி 1835-ல் ஒரு பள்ளியாகத் தொடங்கி, 1850-ல் கல்லூரி என்ற பெயர் பெற்றது. பட்டப் படிப்புக்கு அங்கே போக வேண்டுமென்றால், முதலில் ஏதாவது ஒரு கலைக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தாக வேண்டும் என்பது பிற்காலத்தில் நிலைத்த வழக்கம். அந்தப் படிப்புக்கு முதலில் எஃப்.ஏ. என்று பெயர். பிறகு அதுவே இண்டர்மீடியட் ஆயிற்று. பம்பாய்ப் பக்கம் 'இண்டர் சயன்ஸ்' என்பார்கள்.

அந்த இரண்டு வருஷத்தின் அருமைக்கு ஓர் உதாரணம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் பெண்களுக்கென்று கல்லூரி கிடையாது. மகாராஜா கல்லூரியில் பையன்கள்தான் படித்தார்கள். ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் அவர் உள்ளே போக முடிந்தது. அங்கே படித்துத் தேறி 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். மருத்துவக் கல்லூரியின் கதவைத் தட்டுவதற்கு முன்பே, புதுக்கோட்டைக் கல்லூரியின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கல்லூரி வாசலை மிதிக்காமலே வைத்தியரானவர்களும் உண்டு. மெட்ரிகுலேஷன் முடித்ததும் மெடிகல் ஸ்கூலில் சேர்ந்து எல்.எம்.பி. ஆனவர்கள். என் சிறுவயதில் எங்கள் ஊரில் இருந்தவர் எல்.எம்.பி. டாக்டர்தான். வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1918-ல் பெண்களுக்காக ஆரம்பித்ததும் இந்த வகைப் பள்ளியே. 1942-ல்தான் அங்கே எம்.பி.பி.எஸ். வந்தது. ராயபுரம் மெடிகல் ஸ்கூல் 1938-ல் ஸ்டான்லி கல்லூரி ஆயிற்று. 1943-ல் அமைத்து 1946-ல் அறிக்கை கொடுத்த போர் கமிட்டி, நாட்டுக்கு ஒரே தரமான டாக்டர் போதும், லைசென்ஷியேட் படிப்பு வேண்டாம் என்றது. கமிட்டியிலேயே சிலர் இதற்கு மாற்றுக் கருத்து எழுதினார்கள். ஆனாலும் அந்த வழி மெல்ல அடைபட்டது. கிராமத்துப் பையனுக்கு இருந்த குறுக்குப் பாதை அதோடு போயிற்று.

பதினாலில் இரண்டு

நம்மவர் வீடுகளில் அடிக்கடி பேசப்படும் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். சென்னை மாகாணத்தின் கம்யூனல் ஜி.ஓ.வின்படி, நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் மருத்துவக் கல்லூரியின் ஒவ்வொரு 14 இடமும் இப்படிப் பிரிக்கப்பட்டது: பிராமணரல்லாத ஹிந்துக்கள் 6, பிற்பட்ட ஹிந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர் 1, முஸ்லிம் 1. அப்போது மாகாணத்தில் இருந்த அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கு. மொத்த இடங்கள் 330.

செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி 1950-ல் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஜி.ஓ. செல்லாது என்று தீர்ப்பளித்தது. இரண்டே மாதத்தில், ஜூனில், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. இதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் நாம் சொல்லாமல் விட்டுவிடுகிற விஷயங்களும் உண்டு. செண்பகம் அம்மாள் அந்த வருஷம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்தது, அதனால் போடவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. இன்னொன்று, மாகாண ஜனத்தொகையில் நாம் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பேர். 14-ல் 2 என்பது அதைப்போல நாலு மடங்குக்கும் மேல்.

மார்க் இருந்தும் இடம் கிடைக்காத பிள்ளையின் துக்கம் உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மார்க் எங்கிருந்து வந்தது என்றும் யோசிக்க வேண்டும். இண்டர்மீடியட் கல்லூரிகள் கும்பகோணம், திருச்சி, பாளையங்கோட்டை, சென்னை என்று பெரிய ஊர்களில்தான் இருந்தன. அங்கே தங்கிப் படிக்க நமக்கு அத்தை வீடோ, சித்தப்பா வீடோ இருந்தது. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவராவது இருந்தார். தயார் செய்துகொள்ள இரண்டு வருஷமும் இடமும் நமக்குக் கிடைத்தன. பலருக்குக் கிடைக்கவில்லை. இது நம்மைப் பழிக்கச் சொல்வதல்ல. இந்தக் கதையின் மற்ற பகுதி புரிய இது வேண்டும்.

ஒன்பது மாதப் படிப்பு

1956-ஐ ஒட்டி சென்னைப் பல்கலைக்கழகத்தில் இண்டர்மீடியட் போய் பி.யு.சி. வந்தது. இரண்டு வருஷம் ஒரு வருஷமாகச் சுருங்கிற்று. வருஷம் என்பது பேருக்குத்தான். ஜூன் கடைசியில் திறந்து மார்ச்சில் பரீட்சை என்றால் ஒன்பது மாதம்.

நான் தஞ்சை ஜில்லாவில் தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 1966-ல் பி.யு.சி. நேச்சுரல் சயன்ஸ் க்ரூப்பில் சேர்ந்தேன். முதல் டெர்ம் முழுக்க இங்கிலீஷ் லெக்சர் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. 'சவ்வூடு பரவல்' என்று நான் படித்திருந்ததைத்தான் வாத்தியார் 'ஆஸ்மாஸிஸ்' என்கிறார் என்று பிடிபடவே சில வாரம் ஆயிற்று. தீபாவளிக்குப் பிறகு புரிய ஆரம்பித்தது. பொங்கலுக்குப் பிறகு பிடித்துப் போயிற்று. மார்ச்சில் பரீட்சை. முதல் வகுப்பு வந்தது, மெடிகலுக்குப் போதுமான மார்க் வரவில்லை. இன்னும் ஆறு மாதம் இருந்திருந்தால் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷத் தேர்வு முறையையும் சொல்ல வேண்டும். ஜில்லாவுக்கு இத்தனை என்று இடங்களைப் பிரித்திருந்தார்கள். ஒரு ஜில்லாவில் இடம் கிடைக்காத மார்க்குக்கு, அடுத்த ஜில்லாவில் கிடைக்கலாம். பி. ராஜேந்திரன் வழக்கில் 1968 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. அடுத்து பெரியகருப்பன் வழக்கு. நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மார்க் இருந்த காலம் அது. கல்லூரிகளைத் தனித்தனி யூனிட்டாகப் பிரித்துத் தேர்வு செய்ததையும் 1970-ல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த நேர்முகத் தேர்வில் யாரைத் தெரியும் என்பதும், என்ன இங்கிலீஷ் பேசினாய் என்பதும் எவ்வளவு எடை போட்டன என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும்.

எனக்கு பி.எஸ்ஸி. ஸுவாலஜி கிடைத்தது. வேண்டாவெறுப்பாகத்தான் சேர்ந்தேன். மூன்றாம் வருஷத்தில், தவளையின் இதயம் வெளியே எடுத்த பின்னும் துடிப்பதை முதல் தடவை பார்த்த அன்று, டாக்டராகாத வருத்தம் பாதி போய்விட்டது. எம்.எஸ்ஸி. முடித்து நாகபுரியில் வேலை. ரிடையர் ஆகும்வரை அங்கேதான்.

பூஜ்யம்

கோத்தாரி கமிஷன் 1966-ல் சொன்னபடி, தமிழ்நாட்டில் 1978-ல் ப்ளஸ் டூ வந்தது. கணக்கைப் பாருங்கள். இண்டர்மீடியட் காலத்தில் பள்ளி 11, கல்லூரி 2, ஆக 13 வருஷம். பி.யு.சி. காலத்தில் 11-ம் 1-ம் 12. ப்ளஸ் டூவில் பள்ளி 12, கல்லூரி பூஜ்யம். தயாராகும் காலம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டது. இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. கல்லூரி இல்லாத ஊரிலும் மேல்நிலைப் பள்ளி வந்தது. தமிழிலேயே பௌதிகமும் ரசாயனமும் படித்து மெடிகலுக்குப் போக முடிந்தது.

அதற்குப் பிறகு வந்தவை நுழைவுத் தேர்வுகள். தமிழ்நாட்டில் 1984 முதல் 2006 வரை மாநில நுழைவுத் தேர்வு. ப்ளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். மற்ற மாநிலங்களில் இருந்த நம்மவர்களுக்கு 1988 முதல் 15 சதவீத இடங்களுக்கான அகில இந்தியத் தேர்வு. தமிழ்நாட்டில் 2007 முதல் பத்து வருஷம் ப்ளஸ் டூ மார்க் மட்டும். நீட் 2013-ல் வந்து, அந்த வருஷமே ரத்தாகி, 2016-ல் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் 2017-லிருந்து. அந்த வருஷம்தான் 1,200-க்கு 1,176 எடுத்த அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா, இடம் கிடைக்காமல் உயிரை விட்டார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது.

நாகபுரியில் பதினொன்றும் பன்னிரண்டும் ஜூனியர் காலேஜில். ஆகவே இந்த மாற்றம் என் கண்ணெதிரிலேயே நடந்தது. ஆரம்பத்தில் வகுப்பு நிறைய மாணவர்கள். கடைசி வருஷங்களில் ப்ராக்டிகல் நோட்டில் கையெழுத்து வாங்க மட்டும் வருவார்கள். மற்ற நேரமெல்லாம் கோச்சிங். கெட்டிக்காரக் குழந்தைகள்தான். மைக்ராஸ்கோப்பைத் தொடாமலே செல்லின் பாகங்களைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள்.

கல்லூரிக் காலம் உண்மையில் மறையவில்லை. இடம் மாறிற்று. அன்று கும்பகோணத்தில் சித்தப்பா வீடு இருந்தவனுக்குக் கிடைத்தது, இன்று கோச்சிங் ஃபீஸ் கட்ட முடிந்தவனுக்குக் கிடைக்கிறது. அன்று அந்த அனுகூலம் நம் பக்கம் இருந்தபோது அதற்குத் திறமை என்று மட்டும் பெயர் வைத்தோம். இன்று ஃபீஸ் கட்ட முடியாமல் கைபிசைகிற நம் சங்கத்துக் குடும்பங்களைப் பார்க்கும்போது, அன்று வெளியே நின்றவர்களின் நிலை எனக்குப் புரிகிறது.

அன்பருக்குச் சொன்ன பதில்

இரண்டு நாள் கழித்து அவரைக் கூப்பிட்டுச் சொன்னது இது.

முதலாவது, ஏழாவதிலும் எட்டாவதிலும் கோச்சிங் வேண்டாம். நீட் கேட்பது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை. அதற்கு முன்னால் குழந்தைக்கு வேண்டியது கணக்கில் பயமின்மை, வாசிக்கிற பழக்கம், எதையும் கையால் செய்து பார்க்கிற ஆசை. பதினொன்றாம் வகுப்பு வந்ததும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை வரிவரியாகப் படிக்கட்டும்.

இரண்டாவது, ப்ளஸ் டூ முடித்து ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதினால் அவமானம் என்று நினைக்காதீர்கள். 12-ம் 1-ம் 13. இண்டர்மீடியட் படித்த உங்கள் அப்பாவுக்கு இருந்த அதே வருஷக் கணக்குதான். 2022-ல் நீட்டுக்கு மேல் வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு வருஷம் இரண்டாகி மூன்றாகி வளர விடாதீர்கள். பி.எஸ்ஸி., நர்ஸிங், பிஸியோதெரபி, பார்மஸி என்று பக்கத்து வழி ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். தோற்றபின் பேசினால் அது தண்டனையாகத் தெரியும்.

மூன்றாவது, இடங்கள் குறைந்துவிட்டன என்ற பயம் வேண்டாம். 1950-ல் ஆந்திரமும் மலபாரும் சேர்ந்த மாகாணம் முழுவதற்கும் 330 இடம். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும் 1,450 இடம்.

"கடைசியா ஒண்ணு," என்றேன். "குழந்தைக்கு டாக்டராகணும்னு இருக்கா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கேக்கலையே ஸார்" என்றார்.

இண்டர்மீடியட்டின் இரண்டு வருஷமும், என் பி.யு.சி.யின் ஒன்பது மாதமும், இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் தங்களையே கேட்டுக்கொள்ள இடம் கொடுத்தன. இப்போது அந்த அவகாசத்தைக் கல்லூரி கொடுப்பதில்லை. நாம்தான் வீட்டில் கொடுக்க வேண்டும்.