பசால்ட் பாறையின் பிறப்பு குறித்த வழக்கு

எரிமலைக் குழம்பு தரைமேல் வழிந்து ஆறி இறுகும்போது உண்டாகும் கரிய பாறை பசால்ட். தமிழ்நாட்டில் கருங்கல் என்று வழங்கும் கட்டடக் கல் பெரும்பாலும் வேறு இனம். தக்காணப் பீடபூமியில் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருப்பதுதான் பசால்ட். அது நெருப்பின் பிள்ளை என்பது பள்ளிப் பாடம். 18ஆம் நூற்றாண்டிலோ அதுவே பெரும் வழக்கு.

1751இல் நடுப் பிரான்சில் பயணம் செய்த பிரெஞ்சு இயற்கையியலர் கெத்தார், கட்டுமானங்களில் கண்ட ஒரு கறுப்புக் கல் எரிமலைக்குரியது என்று ஐயுற்று, அது வெட்டப்படும் வோல்விக் ஊர்வரை தேடிச் சென்றார். அங்கு நின்ற மலைகள் என்றோ அணைந்த எரிமலைகள் என்று அடுத்த ஆண்டு அறிவித்தார். ஆனால் தூண் தூணாக நிற்கும் பசால்ட் நீரில் விளைந்தது என்றே அவரும் பின்னர் எழுதினார். படிகாரம் போன்றவை நீரில் கரைந்து ஒழுங்கான படிகங்களாக உறைவதைக் கண்டு பழகிய காலம் அது; தூண்களின் ஒழுங்கும் அப்படியே பட்டது.

1763இல் அதே வட்டாரத்தில் நிக்கோலா தெமாரே அத்தூண்களைப் பின்தொடர்ந்து நடந்தார். அவை பழைய குழம்போட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. ஆறும் குழம்பு சுருங்கி வெடிப்பதால்தான் தூண்கள் பிறக்கின்றன. படிகமாதலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

இதன்பிறகும், பசால்ட் நீரில் பிறந்தது என்னும் எதிர்க்கட்சி வலுத்ததற்கு ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கழக ஆசிரியர் ஆபிரகாம் வெர்னரின் செல்வாக்கே காரணம். அவரை ஏதும் அறியாதவர் என்று ஒதுக்குவது நியாயமாகாது. சாக்சனியின் ஷைபென்பெர்க் குன்றில் அடியில் மணல், அதன்மேல் களிமண், உச்சியில் பசால்ட் என்று ஒன்றோடொன்று இழைந்து கிடப்பதை அவர் கண்டார். அருகே எரிமலைவாய் எதுவும் இல்லை. எல்லாமே பழங்கடலின் படிவு என்று கொண்டார். எரிமலைகளை நிலத்தடி நிலக்கரி எரிவதன் விளைவு என்று ஒதுக்கினார்.

எடின்பரோவில் ஜேம்ஸ் ஹட்டன் 1785இல் பூமியின் உள்வெப்பமே இத்தகைய பாறைகளை உருக்கி மேலேற்றியது என்று வாதிட்டார். உருகிய கல் ஆறினால் கண்ணாடியாகுமே, மணிமணியான பாறை எப்படி ஆகும் என்பது எதிர்த்தரப்பின் கூர்மையான கேள்வி. விடை கண்டவர் ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால். மெல்ல ஆறவிட்ட கண்ணாடி ஒளிபுகாத கல்போல் மாறுவதை அவர் அறிந்திருந்தார். சிறு மூசையில் இயற்கையை அளப்பதை ஹட்டன் விரும்பாததால், 1797இல் அவர் மறையும்வரை ஹால் பொறுத்திருந்தார். 1798இல் அறிவித்த சோதனைகளில் எடின்பரோவின் கரும்பாறையையும் வெசுவியஸ், எட்னா குழம்புக் கற்களையும் உலையில் உருக்கினார். விரைந்து ஆறியது கண்ணாடியாயிற்று; அதையே மீண்டும் சூடேற்றி மெல்ல ஆறவிட்டபோது மணிகள் பூத்துக் கல்லாயிற்று. ஆறும் வேகமே பாறையின் இழையமைப்பைத் தீர்மானிக்கிறது என்னும் இன்றைய பாடத்தின் வேர் இங்குதான்.

வெர்னரின் கட்சியை உடைத்தவர்கள் அவருடைய மாணவர்களே. 1802இல் பிரெஞ்சு எரிமலைகளைக் கண்ட லியோபோல்ட் ஃபான் பூஹ் அங்குள்ள பசால்ட் நெருப்பில் பிறந்தது என்று ஏற்றார். ஆனால் ஜெர்மானியப் பசால்ட்டைச் சில காலம் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றொரு மாணவர் டோபுய்சான், சாக்சனிப் பசால்ட் நீரில் பிறந்தது என்று 1803இல் நூலே எழுதியவர். பின்னர் அதே பிரெஞ்சு மலைகளுக்குச் சென்று பார்த்தார். திரும்பியதும் தம் நூலின் முடிவைத் தாமே கைவிட்டார்.