படகுக் கூலியில் எழுந்த இராயப்பர் கோயில்

1856 ஜூலையில் சென்னை ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் கிளம்பியது. அதற்கு முன்பே அந்த ஊரில் இராயப்பர் கோயில் எழுந்துவிட்டது. 1820களில் அதைக் கட்டியவர்கள் கடலில் பிழைத்த படகோட்டிகள். குருகுல வம்சத்தார் என்று தங்களை அழைத்துக்கொண்ட கத்தோலிக்கர்கள். படகுக் கூலியிலிருந்து மகிமை என்ற பொதுநிதிக்குப் பணம் பிடித்துச் சேர்த்து, கலிலேயா ஏரியில் வலை வீசிய புனித பேதுருவுக்குக் கோயில் எடுத்தார்கள். அவரைத்தான் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்கிறார்கள். ஊருக்கும் அவர் பெயரே.

படகோட்டிகள் கையில் அவ்வளவு பணம் எப்படி வந்தது?

அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி நங்கூரமிடும். அலை மோதி மடங்கும் இடத்தைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்க்க மசூலாப் படகை விட்டால் வேறு வழியில்லை. அந்தப் படகில் ஆணியே இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை ஓங்கி அறைந்தாலும் உடல் வளைந்து கொடுக்கும், உடையாது. படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்கப் பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும். கட்டுமரக்காரர்கள் ஓலைத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகி, நனையாமல் கப்பலில் சேர்த்தார்கள். புனித ஜார்ஜ் கோட்டையின் வியாபாரம் முழுக்க இவர்கள் தோளில்தான் நடந்தது. வெள்ளைக்கார ஆளுநர்களும் இவர்களை நம்பித்தான் கரையில் கால் வைத்தார்கள்.

கோயில் கோத்திக் பாணியில் அமைந்தது. கூர்ந்த வளைவுகள், வானை நோக்கும் முனைகள். ஐரோப்பாவில் கல்லைச் செதுக்கி உருவாக்கிய பாணி இது. சென்னையிலோ அக்காலக் கொத்தனார்கள் செங்கல்லையும், கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பையும் வைத்தே இத்தகைய வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். கடற்கரைச் சிப்பியே கட்டடத்தின் மேனியானது. அந்தக் கைவேலையின் அருமையை நாம் இன்னும் போதிய அளவு எழுதவில்லை.

ஆண்டுதோறும் ஜூன் 29-இல் பேதுரு, பவுல் திருநாள் வருகிறது. வலை வீசிய பேதுருவின் கோயிலிலிருந்து காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் அதிகத் தூரமில்லை.

படகோட்டிகளின் தொழிலை விழுங்கியது அவர்கள் கண்ணெதிரே எழுந்த சென்னைத் துறைமுகம். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர் புயல் கட்டிய சுவர்களைப் பெயர்த்தெறிந்தது. மீண்டும் கட்டினார்கள். கப்பல் நேரே கரையை அணைந்ததும் மசூலாப் படகுக்கு வேலை இல்லாமல் போனது. அந்தக் குடும்பங்கள் அதன்பின் எந்தெந்தத் தொழில்களுக்கு நகர்ந்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.