உறைமோருக்குள்ள இருந்த உயிர்

தயிர், பழைய சோறு, மோர் பத்தி எழுதும்போதெல்லாம் பட்டணத்து நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேக்குறீங்க: "இதுல இருக்கற நல்ல கிருமி எந்த வியாதியைப் போக்கும்?" நூறு வருசத்துக்கு முன்னாடி ஐரோப்பாவும் இதே கேள்வியைக் கேட்டுது. அவசரப்பட்டு பதிலும் சொன்னுது. அந்தக் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, இன்னைக்கு டப்பா மேல எழுதியிருக்கறதை எவ்வளவு நம்பலாம்னு நாமே முடிவு பண்ணிக்கலாம்.

உறை ஊத்தினா பால் தயிராகும்னு மனுசனுக்கு ஆயிரக்கணக்கான வருசமாத் தெரியும். ஏன் ஆகுதுன்னுதான் தெரியாது. 1780ல் ஸ்வீடன் நாட்டு ஷீலே, புளிச்ச பாலிலிருந்து ஒரு அமிலத்தைப் பிரிச்சு எடுத்தார். அதுதான் லாக்டிக் அமிலம். ஆனா அந்த அமிலத்தை உண்டாக்குறது யாருங்கறதுக்கு இன்னும் எழுபது வருசத்துக்கு மேல காத்திருக்க வேண்டியிருந்தது.

விடை கிடைச்சது பாலில் இல்லை, சாராய ஆலையில். பிரான்சில் லில் நகரத்துல சர்க்கரைக் கிழங்குச் சாறிலிருந்து சாராயம் வடிச்சாங்க. 1856ல் சில தொட்டிகள்ல சாராயம் வராம சாறு புளிச்சுப் போச்சு. லூயி பாஸ்டர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். புளிச்ச சாறில் ஈஸ்ட்டை விட ரொம்பச் சின்னதா வேற உயிர்கள் இருந்தன. அதுல துளி எடுத்துப் புதுச் சர்க்கரைத் தண்ணியில் விட்டா அதுவும் புளிச்சது. நம்ம பெண்கள் உறைமோர் விடுற அதே வேலைதான். புளிப்பு உயிருள்ள ஒண்ணோட வேலைன்னு 1857ல் எழுதினார். அடுத்து, அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் புளிச்ச பாலைத் தண்ணியில் கலந்து கலந்து, துளிக்கு ஒரு கிருமிகூட இல்லாத அளவுக்கு நீர்த்து, பாலைப் புளிக்க வைக்கிற கிருமியைத் தனியாப் பிரிச்சார்.

இதுவரைக்கும் பொறுமையா நடந்தது. அப்புறம்தான் அவசரம் வந்தது.

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துல இருந்த ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ் பெரிய ஆள். உடம்புக்குள்ள வர்ற கிருமியை வெள்ளை அணுக்கள் விழுங்குறதைக் கண்டுபிடிச்சவர். 1908ல் நோபல் பரிசு வாங்கினது அந்த மாதிரி நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்குத்தான், தயிருக்கு இல்லை. பெருங்குடலில் அழுகுற கழிவு விஷமாகி நம்மை மூப்பாக்குதுன்னு அவர் நம்பினார். 1905ல் ஸ்டாமென் கிரிகோரோவ்ங்கற பல்கேரிய மாணவர் ஜெனிவாவுல, தன் நாட்டுத் தயிரிலிருந்து குச்சி மாதிரி ஒரு கிருமியைக் கண்டுபிடிச்சார். பல்கேரியாவுல தயிர் சாப்பிடுற கிராமத்து ஜனங்க நீண்ட ஆயுசோட இருக்காங்கன்னு பேச்சு. மெச்னிகோவ் ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டார். தானும் தினமும் புளிச்ச பால் குடிச்சார். ஐரோப்பா முழுக்க மருந்துக் கடையில் புளிப்புக் கிருமி மாத்திரையாவே வித்தது.

அதோட நிக்கலை. பெருங்குடல்தான் விஷத் தொட்டின்னா வெட்டியே எறிஞ்சா என்னன்னு லண்டன்ல ஆர்பத்நாட் லேன்ங்கற பேர் பெற்ற மருத்துவர் நினைச்சார். தீராத மலச்சிக்கல்னு வந்தவங்களுக்குப் பெருங்குடலை எடுத்தார். சிலர் அதுல செத்தும் போனாங்க. தயிர் குடிச்சவங்களுக்கு நட்டம் காசு மட்டும்தான். அதே நம்பிக்கையில் கத்திக்குப் போனவங்களுக்குப் போனது குடலும் உசிரும்.

மெச்னிகோவ் 1916ல் 71 வயசுல இறந்தார். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்து ரெட்கர் சோதிச்சுப் பார்த்தப்போ, அந்தப் பல்கேரியக் கிருமி மனுசக் குடல்ல வேர் பிடிச்சுத் தங்கறதே இல்லைன்னு தெரிஞ்சது.

அப்ப எல்லாம் பொய்யான்னு கேக்காதீங்க. விவசாயிக்கு இது சுலபமாப் புரியும். நெல்லுன்னு ஒரே பேர்தான், ஆனா பொன்னி வேற, மாப்பிள்ளைச் சம்பா வேற. இந்தக் கிருமியும் அப்படித்தான், ரகம் ரகமா இருக்கு. இட்லி மாவைப் பொங்க வைக்கறதுல முக்கிய பங்கு லூகோனாஸ்டாக்னு ஒரு ரகத்துக்குன்னு 1965லதான் ஆராய்ச்சியில் எழுதினாங்க. தயிரை உறைய வைக்கறது வேற ரகம். இதே குடும்பத்துல சிலது, நாம சர்க்கரை தின்னா அதை அமிலமாக்கி, பல் சொத்தையை ஆழமாக்குறதும் உண்டு. நல்லது கெட்டதுங்கறது கிருமியோட பேர்ல இல்லை. எந்த ரகம், எந்த இடம், யார் உடம்புங்கறதுலதான் இருக்கு.

பொறுமையா சோதிச்சா என்ன கிடைக்கும்ங்கறதுக்கு ஒடிசா கிராமங்கள் சாட்சி. அங்க பிறந்த 4,556 பச்சைக் குழந்தைகளை ரெண்டு பிரிவாக்கினாங்க. எல்லாம் தாய்ப்பால் குடிக்கிற, ஓரளவு எடையோட பிறந்த குழந்தைகள். ஒரு பிரிவுக்கு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் கிருமியில் ஒரே ஒரு ரகத்தை, அது தின்ன ஒரு சர்க்கரைப் பொருளோட, ஏழு நாள் கொடுத்தாங்க. இன்னொரு பிரிவுக்கு வெறும் பொடி. 2017ல் முடிவு வந்தது. வெறும் பொடி குடிச்ச பிரிவுல நூத்துக்கு 9 குழந்தைகளுக்கு ரத்தத்துல கிருமித் தொற்று வந்தது, இல்லை இறந்தது. கிருமி கொடுத்த பிரிவுல அது 5.4 ஆகக் குறைஞ்சது. மெச்னிகோவ் கனவு கண்டது கிழவர்களுக்கு ஆயுசு. கிடைச்சது பிறந்த குழந்தைகளுக்கு.

அதுக்காக இதையும் எல்லாக் குழந்தைக்கும்னு இழுக்கக் கூடாது. 2023ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆஸ்பத்திரியில் இருக்கற குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படி உயிர்க் கிருமி கொடுக்கறதுல ஆபத்து இருக்குன்னு எச்சரிச்சுது.

அதனால என் பதில் இதுதான். மோரும் பழைய சோறும் சாப்பாடு, ருசியாச் சாப்பிடுங்க. மருந்துன்னு ஒருத்தர் வித்தா, எந்த ரகம், எந்த வியாதிக்கு, எத்தனை பேர்கிட்ட சோதிச்சீங்கன்னு கேளுங்க. விதை வாங்கப் போனா நாங்க அப்படித்தான் கேப்போம்.