பித்தளையில் ஒரு எண், தகரத்தில் ஒரு எண்

வண்டிக்கு நம்பர் போடுவது அரசின் காரியம். யார் வண்டி, எந்த ஊர் வண்டி, வரி கட்டியாயிற்றா என்று பார்ப்பதற்கான தகடு அது. ஒரு கண்காணிப்புக் கருவி என்று சொல்லலாம். அதையே ஒருவர் கூடுதல் காசு கொடுத்துத் தன் ஆசையின் அடையாளமாக மாற்றிக்கொள்ளும்போது என்ன நடக்கிறது?

ரயில் பித்துப் பிடித்தவர்கள் மேற்கில் இதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்க மாநிலங்களில் எழுத்துக்களையே தேர்ந்தெடுக்கலாம். அதனால் மறைந்துபோன ரயில் கம்பெனிகளின் முதலெழுத்துக்கள், நீராவி எஞ்சின்களின் பெயர்கள், சக்கர அமைப்பைச் சொல்லும் எண்கள் எல்லாம் கார் தகட்டில் ஏறிவிடுகின்றன. பிரிட்டனில் 1989 முதல் அரசே விருப்பப் பதிவெண்களைக் கடை விரித்து விற்கிறது. கண்காணிப்பையே சரக்காக்கி, கண்காணிக்கப்படுபவனிடமே விற்கிற சாமர்த்தியம்!

இங்கே அதே 1989 ஜூலையில்தான் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நீலகிரி மாவட்டத்துக்கு டிஎன் 43. நம் ஊரில் சொற்களுக்கு இடமில்லை. கடைசி நான்கு இலக்கத்தை மட்டும், அரசு விதித்த கட்டணத்தைக் கட்டி, கேட்டு வாங்கலாம். இதைத்தான் ஜனங்கள் ‘ஃபேன்சி நம்பர்’ என்கிறார்கள். பெரும்பாலும் ராசி, கூட்டுத்தொகை, எட்டு வரக்கூடாது என்கிற பயம், இவைதான் நம்பரைத் தீர்மானிக்கின்றன.

மலை ரயிலை நேசிக்கும் ஒருவர் குன்னூரில் கார் வாங்குகிறார் என்று வையுங்கள். அவருக்குப் பிடித்த எக்ஸ் வகை எஞ்சின்களின் எண்கள் 37384, 37391 என்று ஐந்து இலக்கத்தில் இருக்கின்றன. தகட்டில் நான்குக்குத்தான் இடம். தலை இலக்கத்தை வெட்டினால்தான் எஞ்சின் காருக்குள் வரும். புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் உயர் பாதுகாப்புத் தகடு கட்டாயம் என்பதால் பக்கத்தில் ஒரு ரயில் படம் ஒட்டவும் வழியில்லை.

சரி, அந்த எஞ்சின் எண்தான் என்ன? அதுவும் ஆசையில் பிறந்ததல்ல. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலையில் கட்டப்பட்ட இந்த எஞ்சின்களின் கடைசித் தொகுதி 1952இல் வந்தது. தொழிற்சாலை ஒரு எண் கொடுத்தது, ரயில்வே நிர்வாகம் வேறொன்று கொடுத்தது. எல்லாம் சரக்குப் பதிவேட்டின் கணக்கு. அந்தக் கணக்கை மனப்பாடம் செய்து செல்லப்பெயர் ஆக்கியவர்கள் ரசிகர்கள். இதை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை. 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் வந்த 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவுகளும் 16 குகைகளுமாக, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததற்குப் பின்னால் அப்படிப்பட்ட பிடிவாதமான அன்பும் உண்டு. 2021இல் பொன்மலைப் பணிமனை நிலக்கரியில் ஓடும் புதிய எக்ஸ் எஞ்சினையே கட்டி முடித்தது.

ஆனால் இந்த அன்பு எந்த எண்ணை நினைவில் வைக்கிறது, எதை மறக்கிறது என்று கேட்டாக வேண்டும். ஏனென்றால் இதே மலைகளின் வரலாற்றில் உலோகத்தில் பொறித்த இன்னொரு எண் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த மலை ரயில் குன்னூருக்கு வந்து சில ஆண்டுகளுக்குள், இலங்கைத் துரைமார்கள் ‘டின் டிக்கட்’ முறையைக் கொண்டுவந்தார்கள். தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு போகும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் குறியும் ஓர் எண்ணும் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. அந்த வில்லையைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் காசில்லாமல் ஏற்றிக்கொள்வார்கள். காசு இல்லாமல் என்றா சொன்னேன்? பயணச் செலவு கடனாக ஏறும். தோட்டம் கங்காணியின் பேரில் எழுதும், கங்காணி ஆளின் தலையில் கட்டுவான். சரக்கு மூட்டையின் முகவரிச் சீட்டுதான் இது. மூட்டைக்குக் கடன் கிடையாது என்பது ஒன்றே வித்தியாசம்.

அந்த மனிதர்களின் வாரிசுகளை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மனிதர்களை ஆயிரங்களாக உருட்டி எழுதிய கணக்கு! தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு ரயில். கையில் குடும்ப அட்டை. அதிலும் எண். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் தொடங்கப்பட்டது இன்றைய டேன்டீ. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் புதுத் தேயிலை நட்டவர்கள் அவர்கள். டிஎன் 43 தகட்டோடு தேயிலை மூட்டை ஏற்றி ஓடும் வண்டிகளின் பாதையோரம்தான் அவர்களுடைய லயங்கள் இருக்கின்றன.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலோகமும் பொறிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். காசு எந்தப் பக்கம் பாய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கார்க்காரர் எண்ணுக்குக் காசு கட்டுகிறார், எண் அவருடையதாகிறது. தகர வில்லையில் எண்ணே கடனைக் கொண்டுவருகிறது, ஆள் எண்ணுடையவன் ஆகிறான். முன்னவர் பிடிக்காவிட்டால் வேறு நம்பர் வாங்கிக்கொள்ளலாம். பின்னவன் கழற்றினால் அவன் ஓடிப்போனவன். நம்பரை விளையாட்டாக்கும் சுதந்திரம் நம்பரால் வதைபடாதவர்களுக்கே வாய்க்கிறது.

ரயில் பாரம்பரியம் என்கிற சொல்லாடலும் இந்தக் கோட்டிலேயே பிரிகிறது. ஓய்வுபெற்ற எக்ஸ் எஞ்சின் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் தன் எண்ணோடு கௌரவமாக நிற்கிறது. ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிலாளி லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து விதி. டேன்டீ குடியிருப்புகளில் 2022இலும் இது பிரச்சினையாக எழுந்தது. மலை ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் கொடியோடு நின்று பிரேக் பிடிக்கும் தொழிலாளியின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, முன்னால் பாதையைப் பார்த்து நிற்பது அந்த ஆள்தான்.

எஞ்சின் எண்ணை மறக்கச் சொல்லவில்லை. 37384ஐ மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நினைவாற்றலுக்கு ஒரு தகர வில்லையின் எண்ணையும் தேடி எடுக்கத் தெரியும். அதை அணிந்திருந்தவருக்கு என்ன பெயர் என்று கேட்கவும் தெரிய வேண்டும். கேட்க ஆட்கள் இல்லாமல் போய்விடவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள்.