நுகமும் கிணறும்

கொல்லிமலை என்றவுடன் வல்வில் ஓரியையும் கொல்லிப்பாவையையும் நினைவுகூர்வது தமிழர் வழக்கம். அம்மலையின் அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்திற்கோ அதிகம் பேசப்படாத இருபதாம் நூற்றாண்டு வரலாறு ஒன்று உண்டு. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் ஆங்கிலேயச் சபையார் இவ்வூரில் நிலையம் அமைத்திருந்தனர். 1907இல் இந்தியா வந்த ஜெஸ்ஸி பிராண்ட் இங்குப் பணியாற்றினார். 1913இல் இவ்வூரிலேயே எவலின் ஹாரிஸை மணந்து, மணமக்களாகவே இருவரும் மலையேறினர்.

'ஸ்ட்ரிக்ட்' என்னும் அடைமொழி வெறும் அலங்காரமன்று. விசுவாசித்து, நீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றவர்க்கே திருவிருந்தில் இடம் என்பது அச்சபையின் விதி. பிற கிறித்தவர்க்கே பந்தியில் இடந்தராதவர்கள், மலைத்தெய்வத்தின் பூசாரியோடு உறவாடுவர் என்று எவர் எதிர்பார்ப்பார்? அவிசுவாசிகளோடு ஒரே நுகத்தில் பிணைக்கப்படலாகாது என்று பவுல் கொரிந்தியர்க்கு எழுதியதை அவர்கள் எழுத்துப் பிசகாமல் ஏற்றவர்கள்.

ஆனால் விவிலியத்தில் நுகம் மட்டுமா உண்டு? கிணறும் உண்டு. ஆபிரகாமும் அபிமெலேக்கும் ஒரே இறைவழிபாட்டினர் அல்லர். அபிமெலேக்கின் வேலையாட்கள் ஆபிரகாமின் கிணற்றைப் பறித்துக்கொண்டிருந்தனர். அந்தப் பிணக்கு பேசப்பட்டது. ஏழு பெண் ஆட்டுக்குட்டிகள் கைமாறின. பெயெர்செபாவில் உடன்படிக்கை பிறந்தது. யாரும் யாரையும் மதம் மாற்றியதாக ஆதியாகமம் சொல்லவில்லை.

கொல்லிமலையிலும் வழக்கு ஏறக்குறைய கிணற்றில்தான் தொடங்கியது எனலாம். நரம்புச்சிலந்தி நோய் மலைமக்களை வாட்டிவந்தது. புண்ணுள்ள காலோடு ஒருவர் நீரில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் நீரில் பரவும். அந்நீரைக் குடிப்பவர் உடலில் ஓராண்டு கழித்து முழநீளப் புழுவாய் வெளிப்படும். பிராண்ட் பட்டம் பெற்ற மருத்துவரல்லர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றிச் சிறிது காலம் பயின்றவரே. புழுவை மெல்ல இழுத்தெடுத்ததோடு நில்லாமல், கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பவும் அவர் மக்களைத் தூண்டினார். மருந்துக்கு வந்த மலையாளி மக்கள் ஜெபத்திற்கு வரவில்லை. ஊர்ப் பூசாரி தடுத்திருந்தார். தம் குலத்தெய்வத்தையும் தம் பிழைப்பையும் ஒருங்கே காத்துநின்ற அவரைக் குறைகூற இயலாது. மிஷன் நூல்கள் அவரைப் பகைவராகவே சித்திரிக்கின்றன. அவர் பக்கத்துக் கதையை எழுத ஒருவர் வாய்க்கவில்லை.

1918-19இல் விஷக்காய்ச்சல் மலையேறி வந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோரை மாய்த்த அந்நோய்க்கு மருந்தில்லை. வீடுவீடாகக் கஞ்சியும் நீரும் கொண்டுசெல்வதே பிராண்ட் தம்பதியர் செய்ய முடிந்தது. பூசாரியும் மனைவியும் படுத்தபோது, அஞ்சி விலகிய ஊரார் அணுகவில்லை, எதிர்க்கப்பட்டவர்களே அணுகினர். இறக்கும் தறுவாயில் பூசாரி தம் மகனையும் கைக்குழந்தையான மகளையும் பிராண்டிடம் ஒப்புவித்தார். அக்குழந்தைக்கு ரூத் எனப் பெயரிட்டனர். விவிலியத்து ரூத்தும் மோவாப் நாட்டு அந்நியப் பெண்ணே என்பது நோக்கத்தக்கது.

இதனைச் சமயவெற்றி என்று எழுதுவோர் உளர். அதன்பின் மலைமக்கள் சிலர் திருச்சபையை நாடியதும் உண்மையே. எனினும் சாகும் தந்தை ஒருவர் அவ்வேளையில் எடைபோட்டது கோட்பாட்டை அன்று, தம் மக்களுக்கு நாளை சோறூட்டும் கை எது என்பதையே என்று கொள்வது பொருந்தும். பிராண்டும் தம் விதியில் ஓர் எழுத்தையும் தளர்த்தவில்லை.

நுகத்தின் கதை கிறித்தவர்க்குள்ளேயே தொடர்ந்தது. 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபையார் தம் வேறுபாடுகளுடனேயே தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தபோது, ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் சபையார் சேரவில்லை. அச்சபை வளர்த்த பிள்ளையான பால் பிராண்டோ அதற்குள் வேலூர் சென்றிருந்தார். பல மிஷன்கள், பல முரண்பாடுகளுடன் சேர்ந்து நடத்திய மருத்துவமனை அது. தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தும் பணியை அங்கேதான் அவர் தொடங்கினார்.

தாய் எவலினின் பிணக்கு வேறுவகை. 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் மாண்டபின், மிஷன் அவரைச் சமவெளியில் பணிசெய்யவைத்தது. மலைக்குத் தனியே திரும்ப ஒப்பவில்லை. அவர் வாதாடிப் பார்த்தார், காத்திருந்தார். ஓய்வுபெறும் வயது வந்ததும் மிஷனிலிருந்து விலகி, எழுபதை நெருங்கிய பருவத்தில் மட்டக்குதிரை ஏறிக் கொல்லிமலைக்கே போய்விட்டார். 1974இல், தொண்ணூற்றைந்தாம் வயதில் இறந்த அவரது உடல், மலைமேல் கணவரின் கல்லறைக்கருகே அடக்கம் செய்யப்பட்டது.