நேற்றைய இளைஞரும் இன்றைய இளைஞரும்



திருவிழாக் காலத்தில் கோயில் மண்டபத்தில் பெரியோர் கூடினால், "இக்காலப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் இல்லை" என்னும் பேச்சு எழாமல் இருப்பதில்லை. நம் அம்பாங்கிலும் அஃதே நிலை. குண்டர் கும்பல்களிடம் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் சமுதாயத்தில் உண்டாதலின், அவ்வச்சத்தை வீண் என்று தள்ளிவிட இயலாது. ஆயினும், இந்நாட்டுத் தமிழர் வரலாறு வேறொன்றையும் காட்டுகின்றது.

1943ஆம் ஆண்டு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மலாயாப் பெண்களைப் படைக்கு அழைத்தார். 1925இல் பிறந்து, கோலாலம்பூரில் வசதியாக வளர்ந்த ஜானகி, தம் தங்கத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்தார். தந்தையார் தடுத்தும் மனந்தளராது, இறுதியில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அவரோடு அணிவகுத்தோருள் பலர் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள். இந்திய மண்ணைக் கண்ணாலும் காணாதவர்கள். பால்மரம் சீவிய கைகள் துப்பாக்கி ஏந்தின. பெண்கள் வாசற்படி தாண்டவே அஞ்சிய காலம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் காலம் அது! பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பெற்ற அவ்வம்மையார், 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்று, 2014இல் மறைந்தார்.

போர் முடிந்தபின், கெடாவில் தொண்டர் படை எழுந்தது. தோட்டங்களிலேயே கள்ளுக்கடைகள் நடந்த காலம். வியர்வை சிந்தி ஈட்டிய கூலி அங்கேயே கரைந்தது. ஏ. எம். சாமியின் தலைமையில் இளைஞர்கள் அக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குடித்தவர்களைத் தண்டித்ததும் உண்டு. அதனை யாம் ஏற்கவில்லை. எனினும், குடியை எதிர்த்து நின்றோர் வெளியூர்ச் சீர்திருத்தக்காரர் அல்லர். அதே லயத்து வீடுகளில் பிறந்து, தந்தையர் தள்ளாடி வரக் கண்ட பிள்ளைகள். 1947இல் காவல் துறையினர் அப்படையை ஒடுக்கினர்.

1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்திலும் இளையோரே முன்னின்றனர். பல்கலைக்கழக மாணவரும் பட்டதாரிகளும் வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். பத்துமலைக்குக் கல்வி யாத்திரை செல்லும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது.

இவை அனைத்திலும் இளைஞரிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. நாமோ அவர்களை நாற்காலி அடுக்கவும் பந்தியில் பரிமாறவும் மட்டும் அழைக்கின்றோம். கணக்கேட்டைக் கொடுக்க மனம் வருவதில்லை. (செயலவையினர் பொறுத்தருள்க.)

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, இளைஞர் பலர் எவர் அழைப்புக்கும் காத்திராமல் படகோடு புறப்பட்டனர். கூரைமேல் நின்றோரை இனம், மதம் பாராது இறக்கினர்; உணவுப் பொட்டலங்களைச் சுமந்து சென்றனர். நாம் குறை கூறும் அதே பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர்.